அவையஞ்சாமையும் அவையடக்கமும்



தமிழ் நூல் மரபில் அவையடக்கம் உண்டு. பாடப் புகும் புலவன் தன் சிறுமை கூறிச் சான்றோரை வணங்குவது அது. திருக்குறளில் அவையஞ்சாமை என்றோர் அதிகாரமும் உண்டு. முன்னது பணிவு, பின்னது துணிவு. தன் படைப்பைப் பிறர் குறை கூறுமிடத்து இவற்றுள் எதனை மேற்கொள்வது? இது பாவலர்க்கு மட்டும் உரிய வினாவன்று. ஒளிப்படக் கலையில் இதனை எதிர்கொண்டவர் ஜூலியா மார்கரெட் கேமரன்.

1815-இல் கல்கத்தாவில் பிறந்த அவ்வம்மையார் இங்கிலாந்தின் வைட் தீவில் வாழ்ந்துவந்தார். 1863 டிசம்பரில், தம் 48-ஆம் வயதில், மகளும் மருமகனும் அளித்த ஒளிப்படக் கருவியைப் பெற்றார். நிலக்கரி அறை இருட்டறையாயிற்று. கோழிக்கூடு கண்ணாடிக் கூடமாயிற்று. கண்ணாடித் தகட்டில் கொலோடியன் பூசி, ஈரம் உலருமுன் படமெடுத்து உருத்துலக்க வேண்டிய காலம் அது. எதிரே அமர்ந்தவர் நிமிடக்கணக்கில் அசையாதிருத்தல் வேண்டும். இத்தனை இடர்ப்பாட்டையும் அவர் விருப்பத்தோடு ஏற்றார்.

படங்கள் வெளிவந்ததும் கண்டனமும் வந்தது. உருவம் தெளிவாக இல்லை, தகட்டில் கீறல் உண்டு, விரல் ரேகை பதிந்துள்ளது என்றன ஒளிப்பட இதழ்கள். கூர்மையே ஒளிப்படத்தின் இலக்கணம் என்று பலர் கொண்டிருந்த காலம் அது. கேமரன் அவ்விலக்கணத்துக்கு உடன்படவில்லை. வில்லையைத் திருகிவருங்கால் கண்ணுக்கு அழகு தோன்றிய இடத்திலேயே நிறுத்திவிடுவது தம் வழக்கம் என்று, 1874-இல் எழுதிய தன்வரலாற்றுக் குறிப்பில் அவர் கூறுகிறார். இலண்டன் ஒளிப்படச் சங்கத்தாரின் கண்டனம் நேர்மையற்றதாதலின் பொருட்படுத்தத் தக்கதன்று என்பதும் அக்குறிப்பில் உள்ளது. ஹெர்ஷல், கார்லைல் ஆகியோரின் முகங்களை 1867-இல் அவ்வாறே படமாக்கினார். இது அவையஞ்சாமை.

ஆயினும் 1869-இல் அவருடைய தகடுகள் பலவற்றின் மேற்பரப்பில் வெடிப்புகள் தோன்றின. அப்போது அவர் அந்த ஒளிப்படச் சங்கத்தாரையே நாடி, வெடிப்புக்குக் காரணம் வினவினார். இது அவையடக்கம்.

இரண்டும் முரண்பட்டவை அல்ல. எதனை எவ்வாறு காண்பது என்பது படைப்பாளியின் உரிமை. தகடு ஏன் வெடிக்கிறது என்பது தொழிலறிவு. முன்னதில் பிறர் சொல்லுக்கு வளைந்தால் படைப்பு தன் முகத்தை இழக்கும். பின்னதில் பிறரைக் கேளாவிடின் படைப்பே அழியும். கண்டனம் செய்தோர் முற்றிலும் தவறினர் என்றும் கூறுவதற்கில்லை. கீறல் கீறலே. ஆனால் கீறலைக் கண்ட கண் முகத்தைக் காணாது போனதே அவர்தம் குறை.

1875-இல் கேமரன் கணவரோடு இலங்கைக்குக் குடிபெயர்ந்தார். இலண்டன் இதழ்களும் கண்காட்சிகளும் எட்டாத் தொலைவிலிருந்த அங்கும் தோட்டத் தொழிலாளரையும் ஊர்மக்களையும் படமெடுத்தார். புகழ்வாரும் இகழ்வாரும் அருகில் இல்லாதபோதும் தொடர்ந்த அச்செயலே அவருடைய ஈடுபாட்டுக்குச் சான்று. 1879-இல் மறைந்த அவர் மலைநாட்டுப் பொகவந்தலாவைத் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

பத்தாண்டுகளாகக் கவிதை படித்துக் குறைநிறை கேட்டுவரும் இவ்வட்டத்தார்க்கு அவ்வம்மையாரின் வாழ்வு ஒன்றை உணர்த்தும்: ஒரு கண்டனம் வந்தால், அது பார்வையைப் பற்றியதா, தொழிலைப் பற்றியதா எனப் பிரித்தறிதல் வேண்டும். முன்னதற்கு அஞ்சாமையும் பின்னதற்கு அடக்கமும் தகும். எழுதும் இன்பம் இவ்விரண்டுக்கும் இடையே நிலைபெறும்.