சம்பா மசூரியும் கள்ளக் கையெழுத்தும்

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் பி.காம். படித்து, வங்கியில் எழுத்தராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தாவர அறிவியல் என் துறை இல்லை. ஆனாலும் நம் வீட்டு உலையில் ஏறும் அரிசியைப் பற்றிய விஷயம் என்பதால், படித்துத் தெரிந்துகொண்டதை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

பயிருக்கு நோய் வந்தால் கிருமியைத்தான் குற்றம் சொல்கிறோம். நோயை எதிர்க்கும் மரபணுக்கள் பயிரில் உண்டு என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். நோய்க்கு இடம் கொடுக்கும் மரபணுக்களும் அதே பயிரில் உண்டு. அவை கிருமிக்காக ஏற்பட்டவை அல்ல. பயிருக்கு வேறு வேலை செய்துகொண்டிருப்பவை. கிருமி அவற்றைத் தன் வசதிக்குத் திருப்பிக்கொள்கிறது.

நெல்லில் வரும் பாக்டீரியா இலைக்கருகல் நோயை எடுத்துக்கொள்வோம். காற்றும் மழையும் அடித்து ஓய்ந்த பிறகு, இலையின் நுனியிலும் ஓரத்திலும் மஞ்சள் படர்ந்து, பிறகு வைக்கோல் நிறத்தில் காய்ந்துபோகும். வயலில் பரவிவிட்டால் மருந்தடித்துக் கட்டுப்படுத்துவது கடினம். ஆகவே விதையிலேயே பாதுகாப்பு இருந்தால்தான் விவசாயிக்கு நிம்மதி.

இந்தக் கிருமி செய்யும் வேலை, வங்கிக்காரனான எனக்கு நன்றாகப் புரிந்தது. வங்கியில் பணம் பறிபோகப் பூட்டை உடைக்க வேண்டியதில்லை. காசோலையில் கள்ளக் கையெழுத்துக் கச்சிதமாக இருந்தால், எங்கள் காசாளரே எண்ணிக் கொடுத்துவிடுவார். நெல்லில் சர்க்கரையைச் செல்லுக்கு வெளியே அனுப்புகிற 'ஸ்வீட்' என்ற மரபணுக் குடும்பம் இருக்கிறது. ஒவ்வொரு மரபணுவுக்கும் முன்னால் ஒரு சுவிட்ச் பகுதி உண்டு. கிருமி தன் புரதத்தைச் செல்லுக்குள் அனுப்பி அந்தச் சுவிட்சைப் போடுகிறது. பயிரின் சொந்தச் சர்க்கரை வெளியேறுகிறது; கிருமி தின்று பெருகுகிறது.

அப்படியானால் அந்த மரபணுவையே எடுத்துவிடலாமே என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். 'ஸ்வீட் 11' என்ற மரபணு, மகரந்தம் உருவாவதற்கும் தேவை. அதை முடக்கினால் அந்த வழியில் நோய் வராது. நெல்மணியும் சரியாகப் பிடிக்காது. கள்ளக் காசோலைக்குப் பயந்து கவுண்டரையே மூடுவது போன்றது அது.

இயற்கையே இதற்கு ஒரு வழி வைத்திருந்தது. சில நெல் ரகங்களில் மரபணு அப்படியே இருக்கிறது, சுவிட்ச் மட்டும் சற்று மாறியிருக்கிறது. கள்ளக் கையெழுத்து அங்கே செல்லாது. மகரந்தத்துக்கான வேலை தடைபடாது. இந்த மாறிய வடிவத்துக்கு 'எக்ஸ்.ஏ.13' என்று பெயர். இது தாய் வழி, தந்தை வழி இரண்டிலும் வந்தால்தான் பலன். ஒன்று பழையதாக இருந்தாலும் கிருமிக்கு அது போதும்.

கடையில் 'பி.பி.டி.' என்று கேட்டு வாங்குகிறோமே, அதுதான் சம்பா மசூரி. சன்ன அரிசி, நல்ல சோறு. ஆனால் இந்த நோய்க்கு எளிதில் ஆளாகும். ஐதராபாத் விஞ்ஞானிகள் எக்ஸ்.ஏ.13-உடன் வேறு இரண்டு எதிர்ப்பு மரபணுக்களையும் ஒட்டுச்சேர்க்கை மூலம் இதில் சேர்த்தார்கள். 2008இல் 'மேம்படுத்தப்பட்ட சம்பா மசூரி' வெளிவந்தது. 2019இல் வெளியான ஓர் ஆய்வில், ஐ.ஆர். 64 போன்ற ரகங்களில் மூன்று ஸ்வீட் மரபணுக்களின் சுவிட்சுகளை மரபணுத் திருத்தம் வழியாகவே மாற்றிக் காட்டினார்கள்.

இதே வழி எல்லா இடத்திலும் வெற்றி பெறுமா? பார்லியில் நன்றாகவே பலித்தது. நம் மாடித் தோட்டத்துப் பூசணி இலையில் வெள்ளைப் பொடி தூவியது போல வருமே, அந்த வகைச் சாம்பல் நோய் பார்லியிலும் வரும். அதற்கு இடம் கொடுக்கும் 'எம்.எல்.ஓ.' மரபணு செயலிழந்த பார்லி ரகங்கள், ஐரோப்பாவில் 40 ஆண்டுகளுக்கு மேலாக நோய்க்கு ஈடுகொடுத்து நிற்கின்றன. தொடக்கத்தில் அவற்றின் இலையில் புள்ளி விழுந்தது, விளைச்சலும் குறைந்தது. தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்துத்தான் அந்தக் குறையைக் களைந்தார்கள்.

1970இல் அமெரிக்க மக்காச்சோளத்தில் நடந்தது வேறு கதை. கலப்பின விதை தயாரிக்க ஆண் பூவைக் கையால் கிள்ளும் செலவு மிச்சம் என்று, மகரந்தம் தராத ஒரே தாய்வழியைப் பெரும்பாலான வயல்களில் கொண்டுவந்தார்கள். அந்த வசதியைக் கொடுத்த அதே மரபணு, ஓர் இலைக்கருகல் பூஞ்சையின் நஞ்சுக்கும் இடம் கொடுத்தது. ஒரே ஆண்டில் நாட்டின் விளைச்சலில் சுமார் 15 சதவீதம் போயிற்று.

ஆகவே, "மரபணுவைத் திருத்திய விதை நல்லதா, கெட்டதா?" என்று யாராவது கேட்டால் உடனே பதில் சொல்லிவிட வேண்டாம். கடன் மனுவைப் பார்ப்பது போல மூன்று கேள்விகள் கேளுங்கள். மாற்றிய மரபணு பயிருக்கு வேறு என்ன வேலை செய்கிறது? வயலில் விளைச்சல் குறையாமல் நிற்கிறதா? எல்லா வயலிலும் இதே விதைதானா? மொத்தப் பணத்தையும் ஒரே ஆளுக்குக் கடனாகக் கொடுக்கும் வங்கி எவ்வளவு நாள் தாங்கும்? வயலுக்கும் அதே கணக்குதான்.