வாடகை வீட்டில் துப்பாக்கி

வயல் மேற்கே இருக்க, கல்முனையிலோ சாய்ந்தமருதிலோ வாடகை மாடிவீட்டில் குடியிருக்கும் விவசாயிகள் உண்டு. பயிர்க்காவலுக்கு அனுமதிப்பத்திரத்துடன் துப்பாக்கி வைத்திருப்பவர், வீட்டுக்கதவின் பூட்டை மட்டும் நம்பக்கூடாது. அதன் சாவியின் பிரதி வீட்டுக்காரரிடம் இருக்கலாம், முன்பு குடியிருந்தவரிடமும் இருக்கலாம். 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் அந்த அனுமதி, குறித்த ஒருவரை நம்பித் தரப்படுவது. களவுபோன துப்பாக்கியோ யாருடைய கைக்கும் போகும். ஆகவே துப்பாக்கியை இரும்புப் பெட்டியில் பூட்டி, பெட்டியின் உட்புறமிருந்து அதைத் திருகாணியால் சுவரோடு முடுக்கிவிடுங்கள். ரவைகளை வேறிடத்தில் பூட்டுங்கள். 1996இல் போர்ட் ஆர்தரில் நடந்த துப்பாக்கிச்சூட்டுப் படுகொலைக்குப் பிறகு அவுஸ்திரேலியா பூட்டிய சேமிப்பையும், ரவைகளைத் தனியே வைப்பதையும் விதியாக்கியது.

சுவரைத் துளைக்க வீட்டுக்காரர் விடமாட்டாரே என்பீர்கள். முன்கூட்டியே கேட்டு, போகும்போது சீமெந்தால் அடைத்துத் தருவதாக ஒப்புக்கொள்ளுங்கள். நாலு துளையை அடைத்துவிடலாம். போன உயிரை மீட்க முடியாது. அவசரத்துக்குப் பூட்டு தடையல்லவா என்றும் கேட்கலாம். காட்டுப்பன்றி வருவது வயலுக்கு; மாடிவீட்டுக்கு அல்ல. வயலுக்குப் புறப்படும்போது பூட்டைத் திறக்க ஒரு நிமிடம் போதும். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் அந்தப் பூட்டு இரட்டிப்புக் கடமை. பெட்டிச் சாவியை உங்களோடே வைத்திருங்கள்; துப்பாக்கி இருக்கும் செய்தியை ஊருக்குச் சொல்லாதீர்கள். களவு போனால் அன்றே பொலிஸில் முறையிடுங்கள். துப்பாக்கி உங்களுடையது, அதன் ஆபத்து ஊருக்கே பொதுவானது.