பனமலைக்குப் போன வழி

நான் காவிரிக் கரையில் வளர்ந்தவன். மலை என்றால் மரம் அடர்ந்து பசுமையாய் நிற்கும் என்றே எண்ணியிருந்தேன். திருவண்ணாமலையிலிருந்து செஞ்சிக்குப் பேருந்தில் வந்தபோது அவ்வெண்ணம் மாறியது. சாலையோரமெங்கும், யாரோ கற்களை அள்ளிக் குவித்தாற்போன்ற மொட்டைப் பாறைக் குன்றுகள்! வேற்று நாட்டுக்கே வந்துவிட்டோமோ என மயங்கினேன்.

செஞ்சியில் இராசகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளை மதில்கள் பிணைத்து நிற்கின்றன. 1677-இல் சிவாஜி கைப்பற்றிய கோட்டை இது. பின்னர் இதை வெல்ல மொகலாயப் படை 1690 முதல் 1698 வரை போராட வேண்டியிருந்தது. 2025-இல் இது உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்றாயிற்று.

அங்கிருந்து தெற்கே பனமலைக்குச் சென்றேன். சிறு குன்று, அடிவாரத்தில் ஏரி, உச்சியில் தாளகிரீசுவரர் கோயில். காஞ்சிக் கைலாசநாதர் கோயிலைக் கட்டிய இராசசிம்ம பல்லவன் எழுப்பியது. ஏறத்தாழ 1,300 ஆண்டு பழைமையுடையது. சிற்றறை ஒன்றின் சுவரில் உமையவளின் ஓவியம்: தலையில் மகுடம், மேலே குடை, ஒரு கால் மடித்து, சற்றே சாய்ந்து நிற்கிறாள். அவள் காண்பது ஈசனின் ஆடலை. ஆனால் ஆடும் ஈசனின் உருவமோ பெரும்பாலும் அழிந்துபோயிற்று. நாம் காண இயலாத ஆடலை அவள் மட்டும் கண்டுகொண்டிருக்கிறாள்!

மாணவ நண்பர்களே, கோட்டையைத் தகர்க்கப் பெரும்படை வேண்டும். ஓவியத்தை அழிக்க ஓர் ஆணி போதும். பனமலைக்குச் செல்லுங்கள். கைகளைக் கட்டிக்கொண்டு, கண்களால் மட்டும் தொட்டுத் திரும்புங்கள்.