குழாயடிப் பேச்சும் சபைப் பேச்சும்

(தட்டாஞ்சாவடியில் ஆற்றிய உரை)



இங்குள்ள விற்பனைக்கூடத்தில் ஆடவர் பேசுவது விலை, எடை, ஈரப்பதம். குழாயடியில் பெண்டிர் பேசுவது தண்ணீர் வரும் நேரம், குழந்தையின் காய்ச்சல், தேங்கிய சாக்கடை. இரண்டும் ஊர்க் காரியமே. ஆயினும் முன்னதை யோசனை என்கிறோம். பின்னதை வம்பு என்கிறோம்.

1993-இல் நடைமுறைக்கு வந்த 73-ஆவது அரசியலமைப்புத் திருத்தம், ஊராட்சிகளில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத இடத்தைப் பெண்களுக்கு ஒதுக்கியது. புதுவையில் 38 ஆண்டுகளுக்குப் பின் 2006-இல் உள்ளாட்சித் தேர்தல் நடைபெற்றது. ஆனால், இடம் கிடைத்தாற் போதுமா? பேச்சும் கிடைக்க வேண்டும்.

மேற்கு வங்கத்தில், தலைமைப் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சிகளில் குடிநீர்ப் பணிகள் மிகுந்தன; ஊர்ப் பெண்கள் முன்வந்து கேட்பதும் மிகுந்தது. 2004-இல் வெளியான ஆய்வு இதனைக் காட்டிற்று.

ஆகவே, கூட்டத்தில் தாய்மார்களை முதலிற் பேச அழைப்போம், இடைமறியாது கேட்போம், அவர்கள் கூறியதை அவர்கள் பெயராலேயே குறிப்பேட்டில் எழுதுவோம்.