யோவேலின் நான்கு பூச்சிகள்



எபிரேய மறைநூல்களுள் ஒன்றான யோவேல் பயிரழிவோடு தொடங்குகிறது. அழிப்பவை நான்கு: காஸாம், அர்பே, யேலெக், ஹாசீல். ஒன்று விட்டதை அடுத்தது தின்ன, நிலம் வெறுமையாகிறது. வேர்ப்பொருள் நோக்கின், காஸாம் வெட்டுவது; அர்பே பெருகுவது; யேலெக் நக்குவது என்பர்; ஹாசீல் தின்று தீர்ப்பது.

ஒரே வெட்டுக்கிளியின் நான்கு பருவங்களே இவை என்பார் உளர். ஆனால் அடுத்த அதிகாரத்தில் இந்நான்கும் வேறு வரிசையில் வருகின்றன. பருவக் கணக்கு அங்கே பொருந்தவில்லை. அழிவின் மிகுதியைக் காட்டக் கவிஞன் பெயர்களை அடுக்கினான் என்று கொள்வதே தகும்.

தமிழில் பெயர்த்தோர்க்கு இவ்வடுக்கு பேரிடர் தந்தது. உண்ணத்தக்க வகைகளைக் கூறும் லேவியராகமத்தில் சோலையாம், அர்கொல், ஆகாபு என எபிரேய ஒலியையே வைத்துக்கொண்டவர்கள், யோவேலில் பச்சைப்புழு, வெட்டுக்கிளி, பச்சைக்கிளி, முசுக்கட்டைப்பூச்சி எனத் துணிந்து தமிழ்ப்பெயர் இட்டனர். துணிவு பாராட்டத்தக்கது. எனினும் பச்சைக்கிளி என்றதும் தமிழ்ச்செவி தினைப்புனத்துப் பறவையிடமே செல்லும். அதுவும் கதிர் கொய்வதுதான் என்பது வேறு செய்தி!

முசுக்கட்டையின் சிக்கல் இன்னும் பெரிது. அச்சொல்லுக்குக் கம்பளிப்பூச்சி என்னும் பொருளுண்டு. பெயர்த்தோர் கருதியது அதுவே. ஆயின் மல்பெரிக்கும் அதுவே பெயர். மல்பெரி இலையிட்டுப் புழு வளர்த்து, கூட்டைத் தருமபுரி அங்காடிக்கு ஏலத்துக்குக் கொண்டுவரும் உழவனுக்குச் சோறிடுவது அப்புழு. அதுவே மறைநூலில் நிலத்தைப் பாழாக்கும் கடைசிப் பகையாக ஒலித்துவிடுகிறது.

அவன் அஞ்சும் புழு வேறு. நிலக்கடலையைத் தின்னும் சிவப்புக் கம்பளிப்புழு அது. கோடைமழை நனைத்ததும், மண்ணுள் கூட்டுப்புழுவாய்க் கிடந்தவை அந்துப்பூச்சிகளாய் எழுந்து முட்டையிடும். வளர்ந்த புழுக்கள் ஒரு கொல்லையை மொட்டையாக்கிவிட்டு அடுத்ததற்குத் திரளாய் நகரும். இரவில் தீ மூட்டி அந்துகளை ஈர்ப்பர். வரப்போரம் பள்ளம் வெட்டிப் புழுக்களைத் தடுப்பர். யோவேல் காட்டும் படைநடை இதுவன்றோ? எரேமியாவும் யேலெக்குக்குச் சிலிர்த்த மயிரையே அடையாக்குகிறான்.

பெயர் மயக்கம் ஏட்டோடு நிற்பதில்லை. 2020 மே மாதம் பாலைவன வெட்டுக்கிளிகள் இராசத்தானில் திரண்டிருந்தபோது, 2004 வரை தருமபுரி மாவட்டத்தில் இருந்த நேரளகிரியில் எருக்கஞ்செடிகளை மொய்த்த பூச்சிகள் ஊரைக் கலங்கடித்தன. அவை பாலைவன வெட்டுக்கிளிகள் அல்ல என்று வேளாண் அலுவலர் தெளிவித்தனர். இரண்டுக்கும் தமிழில் வழங்கியது வெட்டுக்கிளி என்னும் ஒரே சொல்.

யோவேலை மீண்டும் தமிழாக்க முனையும் கவிஞர் கடலைக்கொல்லையில் கேட்டு எழுதுவாராயின், நான்காம் பெயர் கம்பளிப்புழு என்றே அமையும். முசுக்கட்டை தன் பட்டோடு இருக்கட்டும்.