மரத்தில் தொங்கும் குடும்பக் கதை

கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கும் கண்ணாடி உருண்டைகளுக்குப் பேர்போன ஊர், ஜெர்மனியின் தூரிங்கியா மலைப்பகுதியில் உள்ள லௌஷா. 1597-லேயே அங்கே கண்ணாடி உலை மூட்டிவிட்டார்கள். 19-ஆம் நூற்றாண்டில் அந்த ஊரில் வீடுதான் பட்டறை. அப்பா கண்ணாடிக் குழாயைத் தீயில் காட்டி ஊதுவார். உருண்டை ஆறியதும் உள்ளே வெள்ளிக் கரைசலை விட்டுக் குலுக்குவார்கள், பளபளவென்று மின்னும். அம்மாவும் பிள்ளைகளும் வண்ணம் தீட்டி, மூடி போட்டு, கொக்கி மாட்டுவார்கள். 1880-களில் வூல்வொர்த் என்ற வியாபாரி இவற்றை அமெரிக்கக் கடைகளில் விற்கத் தொடங்கினார்.

அமெரிக்காவில் பல கிறிஸ்தவக் குடும்பங்கள், குழந்தையின் முதல் கிறிஸ்துமஸுக்கு ஆண்டு பொறித்த ஓர் உருண்டை வாங்குகின்றன. பிள்ளை வளர்ந்து தனிக்குடித்தனம் போகும்போது அதைக் கையில் கொடுத்து அனுப்புவார்கள். பாட்டி வாங்கிய உருண்டையும், பேரன் பள்ளியில் செய்த காகித நட்சத்திரமும் ஒரே மரத்தில் தொங்கும். விலை சொற்பம்தான், ஆனால் தொலைந்தால் எந்தக் கடையிலும் கிடைக்காது.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பொருள் இருக்கும். அது யார் தந்தது, எப்போது வந்தது என்பதை இன்றே பிள்ளைகளிடம் சொல்லிவையுங்கள்.