ஒரே முட்டை: இராணியா, வேலைக்காரியா?

(உழவர் பயிற்சிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வாடிப்பட்டி, அலங்காநல்லூர் பக்கத்துத் தென்னந்தோப்புகளிலும், திருமங்கலம், உசிலம்பட்டி மானாவாரி நிலங்களின் ஓரத்திலும் தேனீப்பெட்டி வைத்திருப்போர் உண்டு. "நன்றாக இருந்த பெட்டி எப்படி ஐயா ஒரு மாதத்தில் காலியானது?" என்பது அவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி. காரணங்கள் பல. அவற்றுள் முக்கியமானது, இராணி இறந்ததை நாம் அறியாமல் விட்டுவிடுவது. அதைப் பற்றியே இன்று பேசப்போகிறேன்.

இராணித் தேனீயும் வேலைக்காரத் தேனீயும் ஒரே வகை முட்டையிலிருந்துதான் பிறக்கின்றன. ஆயினும் ஒன்று 15, 16 நாட்களில் இராணியாக வெளிவந்து, ஆண்டுக்கணக்கில் வாழ்ந்து முட்டையிடுகிறது. மற்றது வேலைக்காரியாகி, சில வாரங்கள் உழைத்து மடிகிறது. இந்த வேற்றுமை ஊட்டத்தால் வருவது. முட்டை பொரித்த முதல் 3 நாட்கள் எல்லாப் புழுக்களுக்கும் செவிலித் தேனீக்கள் தம் சுரப்பியில் ஊறும் கூழை ஊட்டுகின்றன. பிறகு வேலைக்காரப் புழுவுக்குத் தேனும் மகரந்தமும் கலந்த உணவு. இராணியாக வேண்டிய புழுவுக்கோ கடைசிவரை அரசக்கூழ்தான். அதன் அறையும் பெரிது.

உணவு எப்படி உடலையே மாற்றுகிறது? கண்மாய் ஒன்றுதான், ஆனால் எந்த மடையைத் திறக்கிறோமோ அந்த வயலுக்குத்தானே நீர் பாயும்? அதுபோல மரபணுக்கள் அனைத்தும் இரு தேனீக்களிலும் உள்ளன. எது எவ்வளவு வேலை செய்வது என்பதை அவற்றின்மேல் ஒட்டும் சிறு இரசாயனக் குறிகளும் நிர்ணயிக்கின்றன. இவற்றை மெத்தில் குறிகள் என்பர். ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் 2008-இல் இத்தாலியத் தேனீயின் இளம் புழுக்களில் இக்குறியை ஒட்டும் நொதியைக் குறைத்துப் பார்த்தார்கள். அப்புழுக்களில் பெரும்பாலானவை முழு வளர்ச்சியடைந்த சினைப்பையுடன் இராணிகளாக வெளிவந்தன! தேனெடுக்கப் போகும் தேனீ மீண்டும் செவிலி வேலைக்குத் திரும்பினால், அதன் மூளையில் இக்குறிகளில் பலவும் பழைய நிலைக்குத் திரும்புகின்றன என்று 2012-இல் அமெரிக்காவில் கண்டறிந்தார்கள்.

இதனால் நமக்கென்ன பயன் என்று கேட்பீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். இராணி கடைசியாக இட்ட முட்டை 3 நாளில் பொரிக்கும். அடுத்த 3 நாட்களுக்குள் அந்தப் புழுவை இராணியாக வளர்க்கலாம். ஆக, இராணி இறந்து சுமார் 6 நாட்கள்தான் அவகாசம். அதன்பின் பெட்டி தானாக இராணியை உருவாக்க இயலாது.

இராணியிடமிருந்து வரும் வாசனைப் பொருள் வேலைக்காரத் தேனீக்களின் சினைப்பை வளராமல் அடக்கி வைக்கிறது. அது நின்றதும், நம் அடுக்குத் தேனீயில் வெகு விரைவிலேயே வேலைக்காரிகள் முட்டையிடத் தொடங்குகின்றன. அவை ஆண் தேனீயோடு கூடாதவை. ஆகவே அம்முட்டைகளிலிருந்து ஆண் தேனீக்களே வரும். ஆண் தேனீ உழைக்காது. பெட்டி நாளுக்கு நாள் மெலிந்து அழிந்துபோகும்.

ஆகவே, பின்வருவனவற்றைக் கடைப்பிடியுங்கள்.

1. வாரம் ஒரு முறை புழு அறையைப் பாருங்கள். இராணி கண்ணில் படாவிட்டாலும், அறைக்கு ஒன்றாக அடியில் நிற்கும் புது முட்டை இருந்தால் கவலையில்லை.

2. ஓர் அறையில் பல முட்டைகள், சுவரில் ஒட்டிய முட்டைகள், நடுவில் சிறு துளையுள்ள மேடான மூடிகள் மிகுதி - இவை வேலைக்காரிகள் முட்டையிடுவதன் அறிகுறி.

3. இராணி இல்லையென்று தெரிந்தால், வலுவான வேறொரு பெட்டியிலிருந்து முட்டையும் இளம் புழுவும் உள்ள அடை ஒன்றைத் தேனீக்களை நீக்கிவிட்டு எடுத்து நடுவில் வையுங்கள். அந்தப் பெட்டியின் இராணி அடையோடு வந்துவிடாமல் கவனியுங்கள்.

4. நோயற்ற பெட்டியிலிருந்தே அடையை எடுக்க வேண்டும். 1990-களில் தாய்சாக் புரூட் என்னும் வைரஸ் நோய் தமிழ்நாட்டுத் தேனீப்பெட்டிகளைப் பெருமளவில் அழித்ததை மறக்கலாகாது.

5. சில நாட்கள் கழித்துப் பாருங்கள். இராணி அறைகள் தொங்கினால் நல்லதாக ஒன்றிரண்டை விட்டு மற்றவற்றை அகற்றுங்கள். புது இராணி வந்து, ஆண் தேனீயோடு கூடி முட்டையிட ஏறத்தாழ 3, 4 வாரமாகும். அதுவரை அடிக்கடி திறந்து தொல்லை தராதீர்கள்.

6. இராணி அறையே கட்டவில்லையா? வலுவான பெட்டியோடு, இடையில் சிறு துளையிட்ட செய்தித்தாளை வைத்து, மாலை வேளையில் இணைத்துவிடுங்கள்.

பெட்டியைத் திறக்கும்போது சட்டத்தை மெதுவாகத் தூக்குங்கள். பல இராணிகள் நம் கைப்பிழையால் நசுங்கியே இறக்கின்றன.

இராணி இறப்பதை நம்மால் எப்போதும் தடுக்க முடியாது. ஆனால் அந்த 6 நாட்களைத் தவறவிடாமலிருப்பது நம் கையில் இருக்கிறது. ஐயமிருந்தால் மதுரை வேளாண்மைக் கல்லூரியின் பூச்சியியல் துறையை அணுகிப் பயன்பெற வேண்டுகிறேன்.